என்னைக் கொல்ல வந்த டிரஸ்ஸர்

என்னைக் கொல்ல வந்த மனிதரைக் கல்யாணம் செய்துகொள்ளலாமா வேண்டாமா என்று ஒரு ராத்திரி முழுவதும் நான் யோசித்திருக்கிறேன். கொல்ல வந்தது மேடையில். கல்யாணம் கேட்டது எங்கள் வீட்டுக் கூடத்தில், முறைப்படி, தட்டில் ஆப்பிளும் ஆரஞ்சும் வைத்து. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. என் கணவர் இறந்து இரண்டு வருஷம் முடிந்திருந்தது.

ஐம்பதுகளின் பின்பாதி அது. சிராங்கூன் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், மாடி வீட்டில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். நான், என் மாமியார், என் கணவரின் தம்பி. காலையில் தமிழ்ப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுப்பேன். மத்தியானம் வந்து அத்தையோடு சாப்பிட்டுவிட்டு, அவர் போடுகிற சண்டையைக் கேட்டுக்கொண்டிருப்பேன். சண்டை என்னோடு இல்லை, சுவரில் மாட்டியிருந்த வானொலிப் பெட்டியோடு. நாடகத்தில் வருகிற கொடுமைக்கார மாமியார்களை அத்தைக்குக் கட்டோடு பிடிக்காது. "இவளுக்கெல்லாம் சோறு எப்படி எறங்குது?" என்று பெட்டியைப் பார்த்துக் கேட்பார்.

தம்பி துறைமுகத்தில் குமாஸ்தா. மாலையானால் படிப்பகத்துச் செயலாளர், பேச்சாளர், நாடகாசிரியர். மேடை ஏறினால் மூடப் பழக்கங்களைக் கிழி கிழி என்று கிழிப்பான். வீட்டில் செவ்வாய்க்கிழமை நகம் வெட்ட மாட்டான். நான் சிரித்தால், "அண்ணி, அது வேற, இது வேற" என்பான்.

அந்த வருஷப் படிப்பக ஆண்டு விழாவுக்கு அவன் எழுதிய நாடகம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். ஓர் அரசி. போரில் கணவனைப் பறிகொடுத்து, துக்கத்தில் அரண்மனையை விட்டு வெளியே வராமல் கிடக்கிறாள். அவளைத் தீர்த்துக்கட்ட எதிரி நாட்டார் ஒருவனை அனுப்புகிறார்கள். அவன் வைத்தியன் வேஷத்தில், மருந்துப் பெட்டிக்குள் கத்தியோடு வருகிறான். வந்தவனுக்குக் கை எழவில்லை. நாலு காட்சி காதல், ஐந்தாவது காட்சியில் இரண்டு பேரும் சாவு.

"ரெண்டு பேரும் ஏன் தம்பி சாகணும்?" என்று கேட்டேன்.

"காதல்னா அப்படித்தான் அண்ணி" என்றான், அதில் நாலு முறை அடிபட்டவன் மாதிரி. அவன் ஒரு பெண்ணிடம் முழுசாக இரண்டு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை.

அரசி வேஷத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. படிப்பகத்தில் பாட, ஆட வருகிற பெண்கள் இருந்தார்கள். ஆனால் இந்த அரசிக்குப் பொட்டு இல்லை, பூ இல்லை, தாலி இல்லை. "பொட்டில்லாம மேடையில நிக்க வெச்சா நாளைக்கு எவன் வந்து கட்டுவான்?" என்று கல்யாணமாகாத பெண்களின் அம்மாமார்கள் கதவைச் சாத்தினார்கள். கல்யாணமானவர்களைக் கேட்கவே தம்பிக்குத் தைரியமில்லை. வழக்கமாகப் பெண் வேஷம் கட்டுகிற தையல்காரர்கூட, "என் சம்சாரம் வுட மாட்டா லா" என்று ஒதுங்கிக்கொண்டார். சீர்திருத்தம் பேசுகிற படிப்பகம்! எல்லாரும் கை தட்டுவார்கள், ஒருத்தரும் ஒரு மணி நேரம் பொட்டை எடுக்க மாட்டார்கள்.

ஒருநாள் நான் சமையல்கட்டில் நிற்கும்போது தம்பி வந்து தலையைச் சொறிந்தான்.

"அண்ணி, நீங்கன்னா..."

"நானுன்னா?"

"ஒங்களுக்குன்னா... எதையும் எடுக்க வேண்டியதில்ல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். கையில் இருந்த கரண்டியைத் தொட்டிக்குள் எறிந்தேன். மற்றவர்களுக்கு அது வேஷம், எனக்கு அது தினசரி உடுப்பு. வெள்ளைப் புடவைகூட வாங்க வேண்டாம், பெட்டியில் எட்டு இருந்தது. அந்தக் கோபத்திலேயே, "சரி, நடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

அத்தை தடுப்பார் என்று எதிர்பார்த்தேன். "போயிட்டு வா. இந்தப் பொட்டியையே எத்தன நாளைக்குக் கேக்குறது. யாராச்சும் வெளிய போயி நாலு கதைய கொண்டாங்க" என்றார்.

கொலைகாரனாக நடித்தவர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். புண்ணைக் கழுவி மருந்து வைத்துக் கட்டுகிற வேலை, டிரஸ்ஸர் என்போம். வயது முப்பது. கத்தியைப் பிடிக்கச் சொன்னால் கட்டுத்துணி வெட்டுகிற கத்தரிக்கோலைப் பிடிப்பது போலவே பிடிப்பார். "கொல்ல வந்தவன் லா நீ, காயத்த ஆத்த வந்தவன் இல்ல" என்று தம்பி தினமும் கத்துவான்.

ஒத்திகை, படிப்பகத்து மாடியில். கீழே மிளகாய் அரைக்கிற மில். காதல் வசனத்தின் நடுவே இரண்டு பேரும் மாறி மாறித் தும்முவோம். எங்களுக்கு நடுவில் எப்போதும் ஒரு முழம் இடைவெளி இருக்க வேண்டும் என்பது தம்பியின் கட்டளை. அதற்காகத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு வைத்திருந்தான். கடைசிக் காட்சியில்கூட நான் என் பக்கம் சாக வேண்டும், அவர் அவர் பக்கம் சாக வேண்டும்.

நான் அழுது புலம்புகிற வசனத்தை முதல் நாள் பேசி முடித்ததும் அவர் கேட்டார். "துக்கத்துல பேசுறீங்க, ஆனா கோவமாவுல்ல இருக்கு?"

"செத்தவங்க மேல கோவந்தான் வரும். ஒங்களுக்குத் தெரியாது" என்றேன்.

"தெரியாதுதான். சொல்லுங்க" என்றார்.

இரண்டு வருஷத்தில் என்னைப் பார்த்து எல்லாரும் 'ஐயோ பாவம்' என்றிருக்கிறார்கள். என் கணவர் எப்படிப்பட்டவர் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. இவர் கேட்டார். அவர் என்ன சாப்பிடுவார், எதற்குச் சிரிப்பார், சண்டை போட்டால் யார் முதலில் பேசுவது. நானும் சொன்னேன். உடைந்த பல்லை மறைக்க வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார் என்பதை, காரமான மிளகாய்ச் சம்பலுக்குச் சர்க்கரை தொட்டுக்கொள்வார் என்பதை, டைபாய்டு வந்து பதினோரு நாளில் போய்விட்டார் என்பதை. சொல்லச் சொல்ல எனக்கு மனசு லேசானது. அடுத்த ஒத்திகை எப்போது என்று நாள் எண்ண ஆரம்பித்தேன். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இதை இப்போது எழுதும்போதும் வெட்கமாக இல்லை.

நாடகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு. மண்டபம் நிறைந்துவிட்டது. அத்தை பெண்கள் பக்கம் இரண்டாவது வரிசையில், வெற்றிலை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேக்கப்காரர் பழைய ஆள், நாடகக் கம்பெனிகளோடு கப்பலேறி வந்து இங்கேயே தங்கிவிட்டவர். வரிசையாக முகங்களை உட்கார்த்தி வைத்துப் பூசிக்கொண்டே போவார். ஒவ்வொரு முகத்தையும் முடித்ததும் கட்டைவிரலைக் குங்குமத்தில் தொட்டு நெற்றியில் ஓர் அழுத்து. "ம், அடுத்தாளு!" ராஜாவுக்கும் அதே அழுத்து, சேவகனுக்கும் அதே அழுத்து. எனக்கு முகத்தில் பெரிதாக ஒன்றும் பூச வேண்டியதில்லை. கண்ணை மூடச் சொன்னார், மூடினேன். "அடுத்தாளு!" என்றார், எழுந்தேன். கண்ணாடி மந்திரியின் கையில் இருந்தது. அவருக்கு மீசை சரியாக ஒட்டவில்லை.

திரை விலகியது. கணவன் போரில் செத்து நாற்பது நாளான அரசி, வெள்ளைப் புடவையில், தலைவிரி கோலமாக உட்கார்ந்திருக்கிறேன். வாயைத் திறப்பதற்குள் மண்டபத்தில் ஒரு சலசலப்பு. பெண்கள் பக்கம் குசுகுசு. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். திரை மறைவில் தம்பி என்னைப் பார்த்துத் தன் நெற்றியில் அடித்துக்கொள்கிறான். வசனத்தை மறந்துவிட்டேன் என்று சைகை காட்டுகிறான் போல என்று நினைத்து, இன்னும் சத்தமாகப் புலம்பினேன். சிரிப்பு அதிகமானது.

அப்போதுதான் கொலைகாரர் மருந்துப் பெட்டியோடு உள்ளே வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். 'அரசியாரின் நாடியைப் பார்க்க வந்தேன்' என்பது அவருடைய முதல் வசனம். அவர் அதைச் சொல்லவில்லை.

"அரசியாரே, நெற்றியில் குங்குமத்தோடு இருக்கிறீர்கள். அரசர் இறந்ததை நீங்கள் இன்னும் நம்பவில்லை போலிருக்கிறது" என்றார்.

மண்டபம் அடங்கிப்போனது. இதுவும் நாடகம்தான் என்று எல்லாரும் நம்பிவிட்டார்கள். எனக்கு ஒன்றும் புரியாமல் கையை நெற்றிக்குக் கொண்டுபோனேன். விரல் சிவப்பாகத் திரும்பி வந்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு என் முகத்தில் அந்த நிறம். கையில் புடவைத் தலைப்பு இருந்தது, ஒரே துடைப்பில் போயிருக்கும். எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். தம்பி திரைக்குப் பின்னால் துடை துடை என்று கையாட்டினான்.

எனக்குத் துடைக்க மனம் வரவில்லை. அரசிக்கா எனக்கா என்று கேட்டால், எனக்குத்தான்.

"அரசர் இறந்ததை நம்புகிறேன் வைத்தியரே. அதற்காக இதை ஏன் அழிக்க வேண்டும்?" என்றேன். அது தம்பி எழுதியதில்லை. முதலில் ஒருவரும் கை தட்டவில்லை. பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து ஒரே ஓர் ஆள் தட்டினார். அது அத்தை. மீதி நாடகத்தை அந்தப் பொட்டோடேயே நடித்து, அந்தப் பொட்டோடேயே என் பக்கத்துக் கோட்டில் செத்தேன்.

நாடகம் முடிந்ததும் மேக்கப்காரர் காலில் விழாத குறை. "தாயி, கை பழக்கத்துல வெச்சிருச்சு, தாயி!" என்று கண் கலங்கினார். அந்த மனிதருக்கு நான் என்றைக்கும் நன்றி சொன்னதில்லை, சொல்லியிருக்க வேண்டும். மூன்று சக்கரத் திரிஷா வண்டியில் வீட்டுக்கு வரும்போது அத்தை என் முகத்தைத் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். "வேர்வையில கலையவே இல்லியே. என்ன குங்குமம்னு கேட்டு வாங்கி வை" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி ஆரம்பித்தான். "அண்ணி, நாடகம் முடிஞ்சுபோச்சு. மூஞ்சியக் கழுவலியா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"போன மாசக் கூட்டத்துல இதப் பத்தி அரை மணி நேரம் பேசினீங்களே தம்பி. நான்தான் சோடா கொண்டாந்து குடுத்தேன்."

"அண்ணி, அது வேற..."

"இது வேற" என்று நானும் அத்தையும் சேர்ந்தே சொன்னோம்.

மறுநாள் பொட்டோடு பள்ளிக்கூடம் போனேன். பிள்ளைகள் ஐந்து நிமிஷம் பார்த்தார்கள், பிறகு வாய்ப்பாட்டுக்குப் போய்விட்டோம். பெரியவர்களுக்குத்தான் ஒரு மாதம் பிடித்தது.

அதற்குள் டிரஸ்ஸர் பழத்தட்டோடு வந்து, கூடத்துச் சுவரில் இருந்த என் கணவரின் படத்துக்கு எதிரே உட்கார்ந்து கேட்டுவிட்டார். நானும் சரி என்றேன். தம்பி ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். மேடையில் அத்தனை பேசிவிட்டு மறுக்க வழியில்லை என்று தெரிந்ததும் தானே முன்னால் நின்றான். பதிவுத் திருமணம், படிப்பகத்தில் மாலை மாற்றல், அவனுடைய சொற்பொழிவு என்று திட்டம் போட்டான். சொற்பொழிவை முதலில் எழுதிவிட்டான். நான் அந்த நாட்களில் கரும்பலகையில் எழுதும்போதே பாடிக்கொண்டிருப்பேனாம். என் மாணவி ஒருத்தி பாட்டியான பிறகும் இதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ் பிடித்துக் காத்தோங் கடற்கரைக்குப் போனோம். துணைக்கு அத்தை. வந்ததுமே கச்சாங் பூத்தே கடலை ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, "எனக்குக் காலு வலிக்குது" என்று தென்னை மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குக் கால் வலியெல்லாம் கிடையாது. நாங்கள் கடல்சுவர் ஓரமாக நடந்தோம்.

"அம்மா அடுத்த மாசக் கப்பல்ல வர்றாங்க" என்றார் டிரஸ்ஸர்.

"வரட்டுமே."

"பழைய ஆளு. நாகப்பட்டினத்த வுட்டு வெளிய வந்ததில்ல. ஒங்களுக்கு ஏற்கனவே கல்யாணம் ஆனத மட்டும்... இப்ப சொல்ல வேணாம்னு பாக்குறேன்."

"பின்ன நான் யாருன்னு சொல்லுவீங்க?"

அவர் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார். அத்தையை என் அம்மா என்று சொல்லிக்கொள்ளலாம். தம்பியை நான் ஏற்கனவே தம்பி என்றுதான் கூப்பிடுகிறேன், அதில் சிரமமில்லை. "அப்புறம் ஒங்க வீட்டுக் கூடத்துல இருக்குற அந்தப் போட்டோ. அத மட்டும் எடுத்து உள்ள வெச்சிட்டா... ஒரு மாசந்தான் லா. அம்மா திரும்பிப் போனதும் மாட்டிக்கலாம்."

 அவர் கெட்ட மனிதர் இல்லை. அப்பா இல்லாத பிள்ளையை இட்லி விற்று வளர்த்த அம்மா, அந்த அம்மாவின் கண்ணீருக்குப் பயந்தார். இரண்டு மாதம் என் கணவரைப் பற்றிக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவர், அவரை இல்லாதவராக்கச் சொல்கிறார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் உடனே முடியாது என்று சொல்லவில்லை. ஒரு மாதம்தானே என்று எனக்கும் தோன்றியது. எனக்கு அந்த மனிதர் வேண்டும். அவரோடு ஒரு வீடு வேண்டும், ஒரு பிள்ளை வேண்டும். "நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

பஸ்ஸில் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடலைத் தோலை ஊதிக்கொண்டே கேட்டார். திட்டுவார், அழுவார் என்று நினைத்தேன். பொட்டலம் காலியானதும் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கூடத்தில் ஸ்டூலை இழுக்கிற சத்தம் கேட்டு வந்து பார்த்தேன். அத்தை ஸ்டூலின் மேல் ஏறி, இரண்டு கையையும் தூக்கி, தன் மகனின் படத்தை ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார். எட்டவில்லை, குதிகாலைத் தூக்கி நின்றார்.

"என்னத்த செய்யறீங்க?"

"அந்தம்மா வர்றப்ப தேடிக்கிட்டு இருக்க முடியுமா? என் டிரங்குப் பொட்டியில, புடவைக்கு அடியில வெச்சுக்கிறேன். நானு அம்மான்னே சொல்லிக்கிறேன், அதுல என்ன பொய்யி? ஒனக்கு ஒரு வாழ்க்கை அமையட்டும்டி."

அவர் திரும்பிப் பார்க்காமலே இதைச் சொன்னார். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது, ரவிக்கை வியர்த்திருந்தது. பெற்ற பிள்ளையை எனக்காக அவர் கையாலேயே சுவரிலிருந்து இறக்குகிறார். அந்த ஒரு மாதமும் டிரஸ்ஸரின் அம்மா முன்னால் தன் மகனின் பேரைச் சொல்லாமல், அழாமல், காப்பி போட்டுக் கொடுத்துக்கொண்டு இருப்பார். இருந்துவிடுவார், அத்தையால் முடியும். என்னால்தான் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

"எறங்குங்க அத்த. வேணாம்."

"நல்லா யோசிச்சியா? பொறவு அழுவக் கூடாது."

"அழுவேன். ஒரு வாரம் அழுவேன்."

நாலு நாள்தான் அழுதேன், பிறகு பரீட்சைத் தாள் திருத்த வந்துவிட்டது. டிரஸ்ஸர் இரண்டு முறை வந்து பேசிப் பார்த்தார். 'அம்மாவிடம் சொல்லிவிட்டு வாருங்கள்' என்று இரண்டு முறையும் அனுப்பினேன், அவரால் சொல்ல முடியவில்லை. மறு வருஷம் அவருக்குக் கல்யாணமானது, நல்ல பெண். தேக்கா சந்தைப் பக்கம் எங்காவது எதிர்ப்பட்டால் இரண்டு பேரும் நின்று, அவருடைய பிள்ளைகளின் படிப்பைப் பேசிவிட்டுப் போவோம். என் பொட்டு அப்படியே நின்றுவிட்டது. நானும் அத்தையும் இன்னும் பதினெட்டு வருஷம் அந்த வானொலிப் பெட்டியோடு சண்டை போட்டோம், நல்ல வருஷங்கள்தான். ஆனால் அதெல்லாம் பிறகு.

அந்த நேரத்தில் அத்தை ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. ஏறியது ஏறியாயிற்று என்று, படத்தை நெஞ்சோடு சாய்த்து வைத்துக்கொண்டு, தலைப்பால் கண்ணாடியை மூலை மூலையாகத் துடைத்தார்.

"தூசியப் பாரேன்" என்றார்.